பாட்டைக் கூண்டில் ஏற்றுவோரும் சந்தையில் ஏற்றுவோரும்

ஒரு வகைப் பாடலைக் காவல்துறை குற்றத்துக்குச் சான்றாக நீதிமன்றத்தில் முன்வைப்பதும், அதே வகைப் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெறுவதும் ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ் நடைபெற முடியும். பிரிட்டனில் அது நடந்தது. அங்கே 'டிரில்' எனப்படும் ராப் பாடல்களைப் பாடிய இளைஞர்கள் சிலர் பாடியதற்காகவே தண்டனை பெற்றனர். அதே இசை 2021 மே மாதத்தில் அந்நாட்டின் தனிப்பாடல் பட்டியலில் முதன்முறையாக முதலிடத்தை எட்டியது. முதலாளித்துவ அரசுக்கும் முதலாளித்துவச் சந்தைக்கும் இடையே இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒன்று பாடகனின் வாழிடத்தைக் கண்காணிக்கிறது. மற்றொன்று அவன் குரலை விலைக்கு எடுக்கிறது. அவன் வாழ்நிலையை மாற்றும் பொறுப்பை இரண்டும் ஏற்பதில்லை.

இது தொலைதூரத்துச் செய்தி அன்று. 2025ஆம் ஆண்டு முழுவதும் கேரளத்தில் ராப் பாடகர் வேடனைச் சுற்றி நடந்த விவாதங்களில் இதே முறைமை நம் கண்முன் அரங்கேறியது. அவ்விவாதங்களில் நம் அணிகளுக்குள்ளேயே மூன்று கருத்துகள் ஒலித்தன. 'சட்டம் தன் கடமையைச் செய்கிறது. நமக்கென்ன' என்பது முதலாவது. 'இது மேற்கிலிருந்து இறக்குமதியான இரைச்சல். நம் மக்கள் கலை அன்று' என்பது இரண்டாவது. 'இளைஞர் கூட்டம் திரள்கிறது. ஆகவே களம் நம் பக்கம் வந்துவிட்டது' என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிரில் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தென்பகுதியில், ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மை நிலைபெற்றுவிட்ட கருப்பின மக்கள் குடியிருப்புகளில், 2010ஆம் ஆண்டை ஒட்டி உருவானது டிரில். சீஃப் கீஃப் போன்ற பதின்வயதினர் அதை உலகறியச் செய்தனர். 2012 அளவில் அது தெற்கு இலண்டனின் பிரிக்ஸ்டனுக்கு வந்துசேர்ந்தது. அங்கே கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு வேறோர் உடல் கொடுத்தனர். கிழக்கு இலண்டனில் முன்பே வளர்ந்திருந்த 'கிரைம்' இசையின் வேகத்தை அதனுடன் சேர்த்தனர்.

அவ்வோசையை ஒருமுறை கேட்டவர் மறப்பது அரிது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அடிகள் என்ற கணக்கில் தாளம் ஓடும். ஆனால் முரசின் அடி நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் தள்ளி விழும். அடித்தொனி ஒரே சுருதியில் நிற்காமல் மேலிருந்து கீழாக வழுக்கும். மேலே சிறுதட்டுகளின் ஒலி மும்மூன்றாய் உடைந்து சிதறும். இவற்றுக்கு நடுவே பாடகனின் குரல் உயராமல், உணர்ச்சி காட்டாமல், வாக்குமூலம் தருபவனைப் போல வறண்டு ஒலிக்கும். முகத்தை மூடியவாறு பாடுவோர் பலர். அஞ்சி வாழும் தெருவின் நடை அந்தத் தாளத்தில் இருக்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று அறியாதவனின் நடை அது.

அந்தத் தெருவை ஆக்கியவர் யார்? 2010இல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேட்டிவ் கூட்டணி அரசு சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சி நிதியை வெட்டியது. 2012க்கும் 2016க்கும் இடையே 600க்கும் மேற்பட்ட இளைஞர் மையங்கள் மூடப்பட்டதாக யூனிசன் தொழிற்சங்கம் கணக்கிட்டது. மாலையில் பிள்ளைகள் சென்றமர்ந்த இடம், இசைக்கருவி தொட்ட இடம், பெரியவர் ஒருவரின் வழிகாட்டல் கிடைத்த இடம் பூட்டப்பட்டது. அதே காலத்தில், 2011ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின்னர், இலண்டன் மாநகரக் காவல்துறை 'கேங்ஸ் மேட்ரிக்ஸ்' என்ற பெயர்ப்பட்டியலைத் தொடங்கியது. அதில் இடம்பெற்றோரில் 78 விழுக்காட்டினர் கருப்பினத்தவர் என்று ஆம்னெஸ்டி அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. எதிர்ப்பும் சட்டப் போராட்டமும் தொடர்ந்த பின்னரே 2024இல் அப்பட்டியல் கைவிடப்பட்டது.

கத்திக்குத்து மரணங்கள் கற்பனை அல்ல. தாய்மார் பலர் தம் பிள்ளைகளை இழந்தனர். பாடல்கள் சிலவற்றில் எதிர்க்குழுவினரைப் பழிக்கும் வரிகளும், இறந்தோரை எள்ளும் வரிகளும் இருந்தன. அவற்றை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் மூடிய இளைஞர் மையங்களைப் பற்றிப் பேசாத ஆட்சியாளர்கள் இரத்தத்துக்குக் காரணம் பாட்டே என்றனர். 2018இல் காவல்துறையின் கோரிக்கைப்படி 30க்கும் மேற்பட்ட காணொலிகளை யூடியூப் நீக்கியது. அவ்வாண்டிலேயே மேற்கு இலண்டன் இளைஞர் ஐவருக்கு எதிராக நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. புதிய காணொலியை வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேடை ஏறுவதாயின் 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். பாட்டில் இன்னின்னவற்றைச் சொல்லவே கூடாது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இரு பாடகர்களுக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. தடையாணையை மீறி ஒரு பாடலை மேடையில் பாடினார்கள் என்பதே குற்றம்.

பாட்டில் பேசும் 'நான்' யார்?

பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் டிரில் வரிகளுக்குப் பொருள் உரைக்கும் 'வல்லுநர்' பெரும்பாலும் காவல்துறை அதிகாரியே என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தியுள்ளனர். குற்றம் சாட்டுபவரே அகராதியும் எழுதுகிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எவருக்கும் இது திடுக்கிட வைக்கும் செய்தி. ஒரு சொல்லை அதன் சூழலிலிருந்தும் மரபிலிருந்தும் பிரித்தெடுத்து, முன்பே முடிவு செய்துவிட்ட பொருளை அதன்மீது ஏற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது. அது புனைந்த வாக்குமூலம்.

தமிழ் கற்றவர்க்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் அகப்பாடல்களில் பேசுவோர் தலைவி, தோழி, செவிலி, பரத்தை. புலவர் தம் பெயரில் பேசுவதில்லை. பாட்டில் வருவோரை இன்னார் என்று பெயர் சுட்டலாகாது என்று தொல்காப்பியமே வரம்பு கட்டியது. பாட்டில் பேசும் குரலும் பாடியவரின் வாழ்வும் வேறு வேறு என்பது நம் இலக்கணத்தின் முதற்பாடம். தலைவியின் கூற்றாகப் பாடிய புலவரை அவர் எங்கே, எந்த இரவில், யாரைச் சந்தித்தார் என்று எவரும் விசாரித்ததில்லை.

வன்முறையைப் பாடுவதும் நமக்குப் புதிதன்று. புறத்திணையில் பகைவர் ஊரை எரியூட்டுதல் ஒரு துறை. ஆநிரை கவர்தல் ஒரு திணை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பிணக்களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்கின்றன. அதைச் சிற்றிலக்கியத்தின் சிகரம் என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை ஒதுக்கலாகாது. முதலாம் குலோத்துங்கனின் படை நிகழ்த்திய பேரழிவைப் பாடினால் அது காவியச் சுவை. குடியிருப்புப் பையன் தன் தெருவில் கண்ட கத்தியைப் பாடினால் அது குற்றச் சான்று என்றால், இங்கே அளவுகோல் வன்முறை அன்று, வர்க்கம். மேலிருப்போரின் வன்முறைக்கு இலக்கியத் தகுதியும் கீழிருப்போரின் சொல்லுக்குக் காவல் நிலையமும் ஒதுக்கப்படுகின்றன.

2023 நவம்பரில் பிரிட்டனில் வழக்கறிஞர்களும் கலைஞர்களும் ஆய்வாளர்களும் இணைந்து 'கலை சான்றாகாது' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். பாடல் வரிகளைக் குற்ற வழக்கில் சான்றாக ஏற்பதற்குச் சட்டத்தில் வரம்பு கட்ட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இந்தியாவில் இக்கோரிக்கைக்குத் தேவை குறைவா? திருச்சியைச் சேர்ந்த மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அன்று இராஜதுரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். அவர் அமைப்புடன் நமக்குள்ள கருத்து வேறுபாடுகள் வேறு. பாட்டுக்காக ஒருவர் சிறைப்படுவதை எதிர்ப்பதற்கு அவை தடையாகக் கூடாது. சபரிமலையில் பெண்கள் நுழைவு விவாதத்தின்போது பாடிய ஒரு பாடலுக்காக, ஆண்டுகள் பல கழிந்து 2024 நவம்பரில், சென்னைக் கானாப் பாடகர் இசைவாணியைக் கைது செய்யக் கோரி இந்துத்துவ அமைப்புகள் புகார்களை அடுக்கின.

வேடன்: வழக்குகளின் வரிசை

இனிக் கேரளத்துக்கு வருவோம். வேடன் என்ற பெயரில் பாடும் ஹிரண்தாஸ் முரளி திருச்சூரில் தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் தாய் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தமிழர். 2020இல் வெளிவந்த 'வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்' அவரை அறிமுகம் செய்தது. நிலமற்றோர், நிறத்தால் இழிவுபடுத்தப்பட்டோர், சாதியால் தள்ளப்பட்டோர் ஆகியோரின் கூற்றாக அவர் பாடல்கள் அமைந்தன. அவர் இசை டிரில் வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் வரலாறு அதைப் போன்றதே: ஒதுக்கப்பட்ட குடியிருப்பு, கைப்பேசி அளவேயான கருவிகள், வறண்ட குரல், பின்னர் பெருந்திரள்.

2025 ஏப்ரல் 28 அன்று எர்ணாகுளம் மாவட்டம் திருப்பூணித்துறையில் ஒரு குடியிருப்பில் ஆறு கிராம் கஞ்சாவுடன் அவரும் நண்பர்களும் கைதாயினர். அவ்வளவு சிறிய அளவுக்குச் சட்டப்படி பிணை உண்டு, பிணையும் கிடைத்தது. உடனே கழுத்திலிருந்த பதக்கம் சிறுத்தையின் பல் என்று கூறி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பிணையில்லாப் பிரிவில் வனத்துறை அவரைக் கைது செய்தது. ஏப்ரல் 30 அன்று பெரும்பாவூர் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2012இல் பதிவான பேர்பெற்ற யானைத்தந்த வழக்கை அப்போது மக்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்த வழக்கு நடந்த வேகம் எது, இந்த வழக்கு நடந்த வேகம் எது என்று கேட்டார்கள்.

வேடனே போதைப் பழக்கத்தைத் தவறென்று ஒப்பினார். நம் இயக்கம் போதைப்பொருளுக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பரப்புரை செய்கிறது. அதில் தளர்வுக்கு இடமில்லை. ஆனால் ஆறு கிராமிலிருந்து சிறுத்தைப் பல்லுக்கு அதிகாரிகள் தாவிய வேகத்தைச் 'சட்டத்தின் கடமை' என்று விழுங்கிவிட முடியாது. அவ்வனத்துறை இடதுசாரி அரசின்கீழ் இயங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சி நம்முடையதாயினும் அரசு எந்திரத்தின் பழக்கங்கள் நம்முடையவை அல்ல; காலனியக் காலத்திலிருந்து அவை தொடர்கின்றன. அவ்வெந்திரம் பிழை செய்கையில் அதை வெளிப்படையாகச் சொல்வதே இடதுசாரி அரசுக்கு வலிமை. மே 5 அன்று இடுக்கியில் நடந்த அரசின் நான்காம் ஆண்டு விழா மேடையில் வேடன் பாடினார். அது சரியான திருத்தம். எனினும் திருத்தம் மேடையோடு நின்றுவிடக் கூடாது.

சங் பரிவாரத்துக்கோ பதக்கமும் கஞ்சாவும் ஒரு பொருட்டல்ல. அதன் குறி பாட்டு. ஆர்.எஸ்.எஸ் சார்பு 'கேசரி' வார இதழின் முதன்மை ஆசிரியர் என்.ஆர். மது, கொல்லம் மாவட்டக் கோயில் நிகழ்ச்சி ஒன்றில், வேடனின் பாடல்கள் சாதிப் பயங்கரவாதத்தை வளர்ப்பதாகப் பேசினார். அப்பேச்சுக்காக அவர்மீது வழக்குப் பதிவாயிற்று. பாலக்காடு நகராட்சியின் பா.ஜ.க. உறுப்பினர் ஒருவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளியான பாடலில் பிரதமர் இழிவுபடுத்தப்பட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமையிடம் முறையிட்டார். சாதியை உண்டாக்கியவர்கள் சமத்துவவாதிகளாம். சாதியைப் பாடியவர் பயங்கரவாதியாம். காயத்தைக் காட்டுகிறவன்மீதே வெட்டியவன் வழக்குத் தொடுக்கும் விந்தை இது.

கோழிக்கோடு பல்கலைக்கழகம் வேடனின் பாடல் ஒன்றை மலையாள இளங்கலைப் பாடத்தில் சேர்த்தபோதும் பா.ஜ.க. தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அதை நீக்கலாம் என்று பரிந்துரைக்கும் அறிக்கையும் வந்தது. 2025 நவம்பரில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' திரைப்படப் பாடலுக்காகச் சிறந்த பாடலாசிரியருக்கான மாநில விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் கூச்சல் எழுந்தது.

'நம் மரபன்று' என்னும் வாதம்

பட்டியலின மக்களின் நலனுக்கான துறை வேடனை மேடையேற்றியபோது, இந்து ஐக்கிய வேதியின் தலைவர்களில் ஒருவரான கே.பி. சசிகலா எழுப்பிய கேள்வி கூர்ந்து நோக்கத்தக்கது. ராப் இசை பட்டியலின மக்களின் மரபுக் கலையா என்று அவர் கேட்டார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மரபைக் காக்கும் அக்கறை போலத் தோன்றும். உள்ளே இருப்பது வேறு: ஒடுக்கப்பட்டோர் தமக்கென்று விதிக்கப்பட்ட கலையையே ஆட வேண்டும், விதிக்கப்பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தொழிலுக்குச் சாதி வகுத்தவர்கள் இப்போது தாளத்துக்கும் சாதி வகுக்கிறார்கள்.

இக்குரலின் மெலிந்த எதிரொலி நம் தோழர்கள் சிலரிடமும் கேட்பது வருந்தத்தக்கது. 'ஏகாதிபத்தியப் பண்பாட்டு ஊடுருவல்' என்ற சொற்றொடரை எடுத்து ராப் முழுமையையும் அதில் அடக்கிவிடுகிறார்கள். ஏகாதிபத்தியம் என்பது நிதி மூலதனத்தின் ஆதிக்கம். அது சிகாகோவின் வேலையற்ற பையனுடைய குரல் அன்று. அவன் அந்த ஆதிக்கத்தின் முதல் பலி. அவனுடைய ஓசை பிரிக்ஸ்டனையும் திருச்சூரையும் அடைந்ததற்குக் காரணம் நிறுவனங்களின் விளம்பரம் மட்டுமல்ல. ஒத்த வாழ்நிலை ஒத்த ஓசையை அடையாளம் காண்கிறது.

நம் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. கே.பி.ஏ.சி. நாடகங்கள் ஆடப்பட்ட படச்சட்ட மேடை எங்கிருந்து வந்தது? அவற்றின் பாடல்களைத் தாங்கிய ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952 டிசம்பர் 6 அன்று சவறையில் அரங்கேறியது. சில மாதங்களுக்குள் திருவனந்தபுரம் மாவட்ட மாஜிஸ்திரேட் 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துதல் சட்டத்தைக் காட்டி அதைத் தடை செய்தார். கோவளத்தில் நிகழ்ச்சி தடுக்கப்பட்டது. தடையை மீறிய கலைஞர்கள் கைதாயினர். சட்டப் போராட்டத்தின் பின்னரே தடை நீங்கியது. பிரிட்டிஷார் இயற்றிய அச்சட்டம் 2018இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. கலைஞன் என்ன ஆடப்போகிறான், என்ன பாடப்போகிறான் என்பதை முன்கூட்டியே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற அதன் உள்ளம் இன்று இலண்டன் நீதிமன்ற ஆணைகளிலும் நம் புகார் மனுக்களிலும் உயிர்வாழ்கிறது.

1893இல் வெங்ஙானூரின் அய்யன்காளி, தம் மக்கள் நடக்கவும் தடையிருந்த பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். காளைகளின் மணியோசையோடு அவ்வண்டி சாலையில் சென்றதே சாதித் தலைவர்களைக் கொதிக்க வைத்தது. பொதுவெளியில் யாருடைய ஓசை கேட்கலாம் என்பது அன்றும் அரசியல் கேள்வியே. அந்த வண்டி எந்த மரபைச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதை வரலாறு அறியும்.

முதலிடம் யாருக்கு வருவாய்?

இனி மூன்றாவது கருத்து. கூட்டம் திரள்வதைக் கண்டு மகிழ்வோர் சந்தையையும் கணக்கில் கொள்ள வேண்டும். டியான் வேய்ன், ரஸ் மில்லியன்ஸ் பாடிய 'பாடி' என்ற டிரில் பாடல் 2021இல் முதலிடம் பெற்றபோது பிரிக்ஸ்டனின் மூடிய இளைஞர் மையங்கள் திறக்கவில்லை. முகமூடியும் வழுக்கும் அடித்தொனியும் விளம்பரத்துக்கும் ஆடைக்கடைக்கும் ஏற்ற சரக்காயின. ஓசை மேலேறியது, தெரு அங்கேயே நின்றது.

தமிழில் இதற்குத் தெளிவான சான்று 'எஞ்சாயி எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய நிலமற்ற மக்களின் நினைவிலிருந்து பிறந்த பாடல் அது. 2021 மார்ச்சில் வெளிவந்து கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில், பாடலை எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களில் எவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். நிலமற்றோரின் பாட்டு, வருவாயற்றோரின் பாட்டாகவும் ஆயிற்று. ஸ்பாட்டிஃபை நிறுவனமோ, ஆண்டுக்கு ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்கு 2024 முதல் உரிமைத்தொகையே தருவதில்லை. சிறு வயலின் விளைச்சலை எடை போடவே மறுக்கும் மண்டிக்காரனின் கணக்கு இது.

சந்தை எதை ஏற்கும் என்பதையும் காண்க. மலப்புறம் பொன்னானி வழிவந்த ஹனுமன்கைண்டின் 'பிக் டாக்ஸ்' 2024இல் அமெரிக்கப் பட்டியல்வரை சென்றது. அவர் திறமை ஐயத்துக்கு இடமற்றது. 2025 மார்ச்சில் அவருடைய 'ரன் இட் அப்' காணொலியில் இடம்பெற்ற மரபுப் போர்க்கலைகளைப் பிரதமர் தம் வானொலி உரையில் பாராட்டினார். அடுத்த சில வாரங்களிலேயே வேடன்மீது தேசியப் புலனாய்வு முகமையை ஏவக் கோரியது அவர் கட்சி. இரண்டும் ராப்தான். முதலாவதில் பண்பாட்டுப் பெருமையைக் கண்டார்கள். இரண்டாவதில் சாதியின் பெயர் காதில் விழுந்தது. ஆகவே அவர்களின் பகை மேற்கத்திய இசையோடு அன்று.

கூட்டத்தின் மற்றொரு முகத்தையும் திருவனந்தபுரம் மாவட்டம் கண்டது. 2025 மே 8 அன்று கிளிமானூர் அருகே வேடனின் நிகழ்ச்சிக்காக எல்.இ.டி. திரை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அந்நிலையில் பாட இயலாது என்று வேடன் நிகழ்ச்சியை விலக்கிக்கொண்டார். அது மனிதப் பண்பு. ஆனால் திரண்டிருந்தோரில் ஒரு பகுதியினர் சேற்றை வாரி இறைத்துக் கருவிகளைச் சேதப்படுத்தினர். குரலற்றோரின் குரலைக் கேட்க வந்த கூட்டத்துக்கு, அம்மேடையைக் கட்டியவரின் மரணம் கேட்கவில்லை. மறுநாள் செய்திகளிலும் கலவரமே பெரிதாயிற்று. ஒலி ஒளி அமைப்போர் பெரும்பாலும் நாட்கூலிகள். கோயில் விழா, கட்சி மாநாடு, திருமணம் என்று இரவெல்லாம் ஈரத் தரையில் மின்கம்பியோடு உழைப்பவர்கள். இரசிகர் திரள் வேறு, வர்க்க உணர்வு வேறு என்பதை இதைவிடக் கடுமையாக எந்த நூலும் சொல்லிவிட முடியாது. திரளை உணர்வாக மாற்றுவது பாடகனின் வேலை அன்று. அது நம் வேலை.

பாட்டும் பாடகனும்

வேடன்மீது பெண்கள் பாலியல் புகார்கள் அளித்துள்ளனர். ஒரு வழக்கில் 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் முன்பிணை வழங்கியது. அவை விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை. இங்கே தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. ஆனால் நிலைப்பாட்டில் தெளிவு வேண்டும். பாட்டைக் குற்றச் சான்றாக்குவதை எதிர்க்கும் நாம், பாட்டைக் குற்றத்துக்குக் கேடயமாக்குவதையும் எதிர்க்க வேண்டும். சாதிக்கு எதிராகப் பாடுவதால் ஒருவர்மீதான பெண்ணின் புகார் பொய்யாகிவிடாது; புகார் வந்ததால் சாதிக்கு எதிரான பாட்டும் பொய்யாகிவிடாது. புகார் அளித்த பெண்ணை இணையத்தில் இழிவுபடுத்துவோர், எந்தக் கொடியைப் பிடித்திருப்பினும், நம் தோழர்கள் அல்லர்.

செய்ய வேண்டியவை

திருவனந்தபுரத்தின் நடுவே, தலைமைச் செயலகத்துக்கு அருகில் செங்கல்சூளை என்ற குடியிருப்பு உள்ளது. இராஜாஜி நகர் என்பது அதன் அலுவல் பெயர். தலைமைச் செயலகம் எழுப்பச் செங்கல் சுட்ட இடம் என்பதே பெயர்க்காரணமாகச் சொல்லப்படுகிறது. தொலைக்காட்சியும் திரைப்படமும் அதைப் பல காலம் குற்றவாளிகளின் இடமாகவே சித்திரித்தன. 2021இல் அக்குடியிருப்பின் பிள்ளைகள் 'அயன்' திரைப்படப் பாடல்காட்சி ஒன்றை ஒரு கைப்பேசியால் அப்படியே மறுபடைப்புச் செய்தனர். நடிகர் சூர்யாவே பாராட்டினார். பாராட்டு ஒரு வாரம் நீடித்தது. அப்பிள்ளைகளுக்குத் தேவை ஒரு வாரப் பாராட்டு அன்று. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் அறை.

2024 ஜூனில் இடதுசாரி அரசு, ஒடுக்கப்பட்டோர் வாழிடங்களைக் 'காலனி' என்று அழைப்பதைக் கைவிட ஆணையிட்டது. இழிவைச் சுமந்த சொல்லை நீக்கியது நற்செயல். சொல் மாறியது போல வாழிடமும் மாற வேண்டும். பி.என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் அம்பலப்புழையில் ஒன்றிணைந்த நூலகங்கள் இன்று கேரளம் முழுவதும் கிளை பரப்பியுள்ளன. அந்நூலகங்களில் வாசிப்பறைக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக்கு ஒரு சிற்றறையும் வேண்டும் என்று ஏன் கோரக் கூடாது? இலண்டன் இளைஞர் மையங்களைப் பூட்டிவிட்டுக் காவல்துறைப் பட்டியலைத் திறந்தது. நாம் அதற்கு நேர்மாறாகச் செய்ய முடியும்.

பாடல் வரிகளைக் குற்ற வழக்கில் சான்றாக்குவதற்குச் சட்ட வரம்பு, மேடை அமைக்கும் ஒலி ஒளித் தொழிலாளர்களுக்கு மின்பாதுகாப்பு விதிகளும் நலவாரியப் பாதுகாப்பும், பாடலை உருவாக்கியோருக்கு வெளிப்படையான உரிமைத்தொகைக் கணக்கு ஆகிய மூன்று கோரிக்கைகளையும் நம் பண்பாட்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இணைந்து முன்வைக்க வேண்டும். அதனுடன் நம் கிளைத் தோழர்கள் தம் பகுதி இளைஞர்களின் பாட்டைப் பொறுமையோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். புரியாத சொல்லுக்கு அவர்களிடமே பொருள் கேட்க வேண்டும். அந்த அகராதியைக் காவல் நிலையம் எழுதுவதற்கு முன் நாம் கற்றுக்கொள்வோம்.